பெயர் நீக்கிய பிரதி

அத்தியாயம் ஆறு

ஓர் ஆளை ஒரு கட்டுரையிலிருந்து காணாமல் அடிக்க ஒரே ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். துப்பறியும் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் ஊசிக்கு இது அன்று பிற்பகல்தான் தெரிந்தது.

ஊசி என்பது பட்டப்பெயர். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி. குத்துகிற இடத்தில் ரத்தத்துக்குப் பதில் உண்மை வரும் என்பார்கள். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கப் படியேறியவன் அவளுடைய அக்கா மகன், உதவியாளன். ஊசி போகிற வழியில் போகிறவன் என்பதால் நூல்.

"சித்தி, கீழ ஜெராக்ஸ் கடை, நடுவுல டெய்லர், உச்சியில அறிவு. லிஃப்ட் வச்சா அறிவு குறைஞ்சிடுமா?"

ஊசி சிரிக்கவில்லை. கூட ஏறி வந்த பெண்ணும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கமாட்டாள் என்று நூலுக்குத் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தான்.

வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அவளுடைய அண்ணன் குளங்களுக்குள் அடியிலிருந்து தண்ணீர் எப்படிக் கசிந்து ஊறுகிறது என்று ஆராய்ந்தவன். இரண்டு மாதத்துக்கு முன்பு, வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது. அதைச் சொன்னபோதும் அவள் குரல் ஃப்ரேமுக்கு விலை சொல்வது போலத்தான் இருந்தது.

"வருஷக்கணக்கா அவன் எழுதின கட்டுரை. அடுத்த இதழ்ல வரப்போகுதுன்னு பட்டியல் போட்டிருக்காங்க. தலைப்பு அதேதான். பேரு மட்டும் அவனுக்கு மேல இருந்த பேராசிரியரோடது. அண்ணன் பேரு வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வீட்டில் பிரதி எதுவும் இல்லை. அண்ணன் பயன்படுத்திய கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனத்துடையது. அதை அவர்கள் திரும்ப வாங்கி, துடைத்து, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதழ் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

"அண்ணன்கிட்ட கடைசியா எப்ப பேசினீங்க?" என்றான் நூல், இரண்டாவது மாடித் திருப்பத்தில்.

"போன்ல. போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. ஏதோ வால்வு எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு கேட்டான். கடையில ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க. சொன்னேன். வச்சிட்டேன்."

"உங்ககிட்ட எதுக்கு வால்வைப் பத்தி?"

"நானும் அதே படிப்புதான். வீட்டு நிலைமையில ஒருத்தர்தான் மேல படிக்க முடிஞ்சது." அவள் அடுத்த படியில் கால் வைத்தாள். "அப்புறம் பேச்சு அவ்வளவா கிடையாது."

ஆய்விதழின் பதிப்பாசிரியர் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர். அறை முழுக்கக் காகிதம். சுழலும் மின்விசிறிக்குப் பயந்து ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கல்.

"புகார் கொடுத்தவங்க கட்டுரையைப் பார்க்கக் கூடாது. நீங்க வெளிய உட்காருங்கம்மா" என்றார். அவள் போய் முன்னறையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார் பதிப்பாசிரியர். "எங்க விதியே எங்களைக் கட்டிப்போடுது."

அந்த விதி இதுதான். ஆய்விதழுக்கு அனுப்புகிற கட்டுரைக்குத் தலை தனி, உடம்பு தனி. தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு. எழுதியவர்களின் பெயர், வேலை செய்யும் இடம், முகவரி எல்லாம் அதில் மட்டும்தான் இருக்கும். கட்டுரை இன்னொரு கோப்பு. எழுதியது யார் என்று காட்டிக்கொடுக்கிற ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. காரணம், கட்டுரை தேறுமா தேறாதா என்று சொல்வதற்கு அதே துறையைச் சேர்ந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். சமைத்தது யார் என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். அதனால் தலையை எடுத்து வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் அனுப்புவார்கள்.

"அப்ப வேற ஒரு தலையை ஒட்டி அனுப்பினா?" என்றான் நூல்.

"உடம்பு வாயே திறக்காது. திறக்கக் கூடாதுன்னுதானே இத்தனை ஏற்பாடு?"

"முதல்ல வந்த பிரதியைப் பார்க்கலாமா?" என்றாள் ஊசி.

"நான் அதைக் காட்டக் கூடாதே."

"நீங்க காட்ட வேண்டாம். வெயில் அடிக்குது, எழுந்து ஜன்னலைச் சாத்துங்க. மேஜையில எது கிடந்தா எனக்கென்ன?"

பதிப்பாசிரியர் யோசித்தார். ஒரு கல்லை நகர்த்தி, அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்த வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஊசிக்குக் குளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் எண்களைப் பார்த்தாள். இந்த இதழில், கட்டுரை எந்த நூலை, எந்த ஆய்வைக் குறிப்பிட்டாலும் அதற்கு அடைப்புக்குறிக்குள் ஓர் எண் உண்டு. முதலில் குறிப்பிடுவது 1, அடுத்தது 2. முதல் பக்கத்திலிருந்து படித்தால் எண்கள் படிக்கட்டுபோல ஏறிக்கொண்டே போக வேண்டும். முன்னுரை ஒழுங்காக 9 வரை ஏறியது. அடுத்த பகுதி 24-இல் தொடங்கியது.

"நடுவுல படிக்கட்டைக் காணோம்" என்றான் நூல், அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து.

"இங்க இருக்கு." கடைசிப் பகுதியைப் புரட்டினாள். ஆய்வைச் செய்த விதத்தைச் சொல்லும் 'செய்முறை' பகுதி. அதில் 10 முதல் 23 வரை வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஜன்னல் பக்கம் நின்ற பதிப்பாசிரியருக்குப் பொறுக்கவில்லை. "பல இதழ்ல செய்முறை முன்னுரைக்கு அடுத்து வரும். எங்களுக்கு அது கடைசியில வரணும். எழுதினவர் வழக்கம்போல ரெண்டாவதா எழுதிட்டு, அப்புறம் வெட்டிக் கடைசியில ஒட்டியிருக்கார். சாஃப்ட்வேர்ல போட்டிருந்தா எண் எல்லாம் தானா மாறிடும். இவர் கையால அடிச்சிருக்கார். இந்தக் காலத்துல யாரு கையால..."

ஊசி கதவைத் திறந்து முன்னறையைப் பார்த்துக் கேட்டாள். "உங்க அண்ணன் இந்த எண்ணெல்லாம் எப்படிப் போடுவார்?"

"கையாலதான். கால்குலேட்டர் சொன்னதையே பேப்பர்ல ஒருதரம் போட்டுப் பார்ப்பான்."

"ஆள் மாட்டிக்கிட்டார் சித்தி!" என்றான் நூல்.

அந்த நேரத்தில்தான் ஆள் வந்தார்.

பேராசிரியர் நல்ல உயரம். வெளுத்த சட்டை, வெளுத்த சிரிப்பு. அச்சுக் கோத்த ப்ரூஃபைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்திருந்தார். ஊசி சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார், தலையைக்கூட ஆட்டினார்.

"ரொம்ப சரிம்மா. அவன்தான் டைப் அடிச்சான். இந்த இதழுக்கு ஏத்த மாதிரி அடுக்கினதும் அவன்தான். நல்ல பையன், பாவம். நான் மறுக்கவே இல்லையே? ஹோட்டல்ல காய் நறுக்கினவன் பேரை போர்டுல எழுதுவாங்களா?"



"சித்தி" என்று நூல் மெல்லச் சொன்னான், "நறுக்கினது நம்ம காயைத்தான்."

பேராசிரியர் ப்ரூஃபை மேஜையில் வைத்தார். "எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிட்டேன். ஏதோ ஒரு படத்தைப் பத்தி அற்பமா ஒண்ணு கேட்டிருந்தீங்க. அதை மட்டும் விட்டுட்டேன். அனுப்பிடுங்க."

ஊசி ப்ரூஃபைப் பழைய பிரதிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். குறிப்பிட்ட நூல்களையெல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும் மேற்கோள் பட்டியல். கட்டுரையிலேயே யாரும் படிக்காத பக்கம் அதுதான். அவள் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"பதிப்பாசிரியர் சார், பழைய பிரதியில ரெண்டு வரி மட்டும் வேற மாதிரி இருக்கே. பதினொண்ணு: 'ஆசிரியர் 2, விவரம் மறைக்கப்பட்டது.' பதினாலு: 'ஆசிரியர் 1, விவரம் மறைக்கப்பட்டது.' இது என்ன?"

"அதுவும் விதிதான். கட்டுரை எழுதினவங்க முன்னாடி எழுதின கட்டுரை பட்டியல்ல வந்தா, ஆள் யாருன்னு தெரிஞ்சு போயிடும். அதனால அந்தப் பேரை மறைச்சு அனுப்புவாங்க. கட்டுரை தேறினதும் ப்ரூஃப்ல நிரப்பச் சொல்லுவோம்."

"நிரப்பிட்டேனே" என்றார் பேராசிரியர். "ரெண்டும் என் கட்டுரைதான்."

"அப்படியா? இந்தப் பட்டியல்ல உங்க கட்டுரை வேற ஏதாவது இருக்குங்களா?"

"நாலைஞ்சு இருக்கும். இந்தத் துறையில என்னை ஒதுக்கிட்டு எழுத முடியாதும்மா."

"நாலு இருக்கு. எண்ணிட்டேன். பழைய பிரதியிலயே உங்க பேரு நாலு இடத்துலயும் முழுசா இருக்கு." ஊசி நிமிர்ந்தாள். "நாலு இடத்துல நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்கிறீங்க. இந்த ரெண்டு இடத்துல மட்டும் ஏன் முக்காடு?"

பதிப்பாசிரியர் மிட்டாயைக் கடித்துவிட்டார். சத்தம் கேட்டது.

ஒருவர் தன் பெயரைத்தான் மறைப்பார். அடுத்தவன் பெயரை மறைக்க எவனும் மெனக்கெட மாட்டான். அப்படியானால் எந்தப் பெயர் மறைந்திருக்கிறதோ அதுதான் எழுதியவர் பெயர். உடம்பு வாயைத் திறக்கவில்லை. தழும்பைக் காட்டியது.

"பதினொண்ணாம் எண் எந்த வாக்கியத்துல வருது?" என்று கேட்டுக்கொண்டே பதிப்பாசிரியர் பரபரவென்று புரட்டினார். "'வறண்ட கரை மண்ணில் வெடிப்பின் ஆழத்தைக் காட்டும் அட்டவணை [11]-இலிருந்து எடுக்கப்பட்டது.' இதுக்கு நீங்க நிரப்பியிருக்கிறது மழை அளவு பத்தின கட்டுரை. அதுல வெடிப்பு எங்க இருக்கு? அந்த அட்டவணை நம்ம இதழ்லயே வந்தது. போட்டவனே நான்தான்." முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "அந்தப் பொண்ணோட அண்ணன் எழுதினது."

அண்ணன் ஆசிரியர்தான். நறுக்கியவன் இல்லை, சமைத்தவன். நூல் வாயெல்லாம் பல்லாக ஊசியைப் பார்த்தான்.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியர்க்கவில்லை. சிரித்தார்.

"சரி. ஆசிரியர் ரெண்டு அவன்தான். இருந்துட்டுப் போகட்டும், பேரைச் சேர்த்துடுங்க. ஆனா அவனே தன்னை ரெண்டாவதுன்னு போட்டிருக்கானே, கவனிச்சீங்களா? அப்ப ஒண்ணு யாரு? அவனுக்கு மேல இருந்தவன் நான் ஒருத்தன்தான்."

"உங்க பேரு மத்த இடத்துல மறைக்கப்படலையே?"

"ஒரு இடத்துல மறைச்சான், மத்த இடத்துல மறந்துட்டான். கையால அடிக்கிறவன் தப்பு விடுவான். உங்க வாயாலயே சொன்னீங்களேம்மா."

ஊசியின் ஊசி அவளையே குத்தியது. முதல் பெயர் என்பது லேசான விஷயம் இல்லை. கட்டுரையில் முதல் பெயர்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் குடியிருப்பவர்கள். உலகம் பேசுவது முதல் பெயரைத்தான். அண்ணன் சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கப்போகிறான்.

நூலுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

ஊசி மறுபடி பிரதியைப் புரட்டி, பதினான்காம் எண் வருகிற வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தாள். "'குளத்தடியில் கவிழ்த்து அழுத்திய டின்னுக்கும், கசியும் நீரைப் பிடிக்கும் பைக்கும் இடையில் சைக்கிள் ட்யூப் வால்வைப் பொருத்தும் முறை [14]-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.' ஐயா, இந்த வால்வு உங்க யோசனையா?"

"பின்ன? தண்ணி பைக்குள்ள போகும், திரும்பி வராது. எளிமையான யோசனை."

"எனக்கு ஒரு சந்தேகம். நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வளர்ந்தவ. அந்த வால்வு திறக்க பம்பை ரெண்டு கையாலயும் அழுத்தணும். உள்ள இருக்கிற ரப்பர் அவ்வளவு இறுக்கம். சும்மா கசியற தண்ணிக்கு அது எப்படித் திறக்கும்?"

"அது... செய்முறையில விவரமா இருக்கும்."

"செய்முறையில இல்லை. [14]-ல இருக்குன்னுதான் போட்டிருக்கு. நீங்கதானே [14]? சொல்லுங்க."

பேராசிரியர் ப்ரூஃபைப் பார்த்தார். ப்ரூஃபில் பதில் இல்லை.

"அந்த ரப்பரைக் கழட்டிடணும்."

எல்லோரும் திரும்பினார்கள். ஊசி திறந்த கதவு சாத்தப்படாமலே இருந்திருக்கிறது. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் அதே தண்ணீர் டம்ளரோடு.

"கழட்டிட்டு, பலூனைக் கத்தரிச்சு அந்தத் துண்டை வைக்கணும். மெல்லிசா இருக்கும், ஒரு சொட்டுக்கே திறக்கும். பிறந்தநாள் பலூன் ஆகாது, பெரிய பலூன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அது நான் செஞ்சது. காலேஜ்ல கடைசி வருஷம். அறிவியல் ஆண்டுமலர்ல ரெண்டு பக்கம் வந்துச்சு."

பதிப்பாசிரியர் எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். அவள் சொன்ன கல்லூரி, சொன்ன வருடம். திரையில் யாரோ எப்போதோ ஸ்கேன் செய்து போட்டிருந்த பக்கம் கோணலாக வந்து நின்றது. மேலே ஒரு பெயர், அவளுடையது. இரண்டாவது பத்தியில் பலூன்.

"அப்ப ஆசிரியர் ஒண்ணு..." என்று தொடங்கிய நூல் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அண்ணனுடைய பெயரைத் தேடி வந்தவள், அண்ணன் எழுதி வைத்திருந்த வரிசையில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயர் நிற்பதைப் பார்த்தாள். டம்ளர் கையில் அசையவில்லை.

பேராசிரியர் எழுந்தார். "நான் இதை நிறுவனத்துக்கு எழுதுவேன்."

"எழுதுங்க" என்றார் பதிப்பாசிரியர். "இந்தத் தடவை நீங்களே எழுதுங்க."

காலடிச் சத்தம் டெய்லர் மாடியைத் தாண்டி இறங்கிப் போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதிப்பாசிரியர் புதிய தலைப்புப் பக்கம் ஒன்றைத் திறந்திருந்தார்.

"முதல் பேரு உங்களோடது. ரெண்டாவது அண்ணன். இறந்தவர் பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவைக் குறி போட்டு, பக்கத்தோட அடியில விளக்கம் போடுவோம். அது வழக்கம். சரிதானேம்மா?"

"சரி."

"வேலை செய்யற இடம்?"

"மூக்குக்கண்ணாடிக் கடை. அதைப் போடலாமா?"

"எங்க இருக்கீங்களோ அதைத்தான் போடணும். அதுவும் விதிதான்."

அவர் தட்டினார். படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்டால் பதில் எழுத வேண்டிய ஆளின் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு உயிரோடு இருக்கிறவர் வேண்டும். அங்கும் கடையின் முகவரிதான் போனது. அவள் ஊசியின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குப் போன் பண்ணினப்ப சொல்லியிருக்கலாம் இல்ல, உன் பேரும் இருக்குன்னு?"

"சொல்றதுக்குத்தான் பண்ணியிருப்பார்" என்றாள் ஊசி. "வால்வு முதல்ல வந்திருக்கும்."

"எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. அழுகைகூட வரலை. தப்பா?"

"இல்லம்மா."

நூல் அவள் கையிலிருந்து டம்ளரை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தான்.

பதிப்பாசிரியர் ப்ரூஃபைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் முடிஞ்சது. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அவர் அற்பம்னு விட்டுட்டுப் போனது. 'படம் 2: வால்வின் எந்த முனை எந்தப் பக்கம் என்பது படத்தில் தெளிவாக இல்லை. ஆசிரியர் உறுதிப்படுத்தவும்.'" பேனாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும்."

"காத்தடிக்கிற முனை டின் பக்கம்."

அவர் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"மாத்தி வச்சா ஒரு சொட்டுகூட வராது" என்றாள். "எத்தனை நாள் வச்சிருந்தாலும் பை காலியாத்தான் இருக்கும். அடியில தண்ணி கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், பையில மட்டும் வராது. பார்க்கிறவங்க குளத்தடியில கசிவே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க. இதை அவன்கிட்ட சொல்லியிருக்கணும். கடையில ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க."

பதிப்பாசிரியர் பேனாவை மறுபடி திறந்தார்.

"மெதுவா சொல்லுங்க" என்றார். "எழுதிக்கிறேன்."